அலுமாரி லிப்டுக்குள் போகுமா?

வீட்டில் மிஞ்சிய தளபாடங்களை இணையத்தில் விற்பது பற்றி வாசகர்கள் கேட்டிருந்தவற்றுக்கு இம்முறை பதில்கள்.

கேள்வி: மகனிடம் கனடாவுக்குப் போகிறோம். இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது. மூன்று அறை வீட்டுச் சாமான் முழுவதையும் ஒரு பழைய தளபாடக் கடைக்காரர் ஒரே விலைக்கு எடுப்பதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: இப்போதே கொடுக்க வேண்டாம். அவருடைய இலக்கத்தை மட்டும் குறித்து வையுங்கள். கடைக்காரர் லொறிக் கூலி, நாட்டாமிமார் கூலி, களஞ்சிய வாடகை, விற்காமல் கிடக்கும் மாதங்கள் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் விலை சொல்வார். கடைசிக் கிழமையில் மிஞ்சுவதற்கு அவர் தேவைப்படுவார். நல்ல சாமான்களை அதுவரை நீங்களே விற்கலாம்.

முதல் கிழமையிலேயே எல்லாவற்றையும் அளந்து படம் எடுத்துவிடுங்கள். ஆறு கதிரை கொண்ட சாப்பாட்டு மேசை, பெரிய சோபா, கண்ணாடி அலுமாரி மூன்றும் மெதுவாகத்தான் விலைபோகும். வாங்குபவர் வீட்டில் இடம் பார்க்க வேண்டும், வீட்டாரைக் கேட்க வேண்டும், லொறி பிடிக்க வேண்டும். எனவே அவற்றை முதலில் போடுங்கள். உடுப்பு அலுமாரிகள் அடுத்த கிழமை. கட்டில், பிரிட்ஜ், வாசிங் மெசின், மின்விசிறி எல்லாம் நியாயமான விலை போட்டால் இரண்டு மூன்று நாளில் போய்விடும்; அவற்றைக் கடைசிவரை பாவிக்கலாம்.

ஒவ்வொரு சாமானுக்கும் தனி விளம்பரம் போடுங்கள். "வீட்டுச் சாமான் விற்பனைக்கு" என்று ஒன்றாகப் போட்டால் கட்டில் தேடுபவர் கண்ணில் அது படாது. "வெளிநாடு போவதால் அவசர விற்பனை" என்றும் எழுதாதீர்கள். விலையைப் பாதியாகக் கேட்பார்கள் என்பது ஒரு பக்கம். எந்தத் திகதிக்குப் பிறகு வீடு பூட்டிக் கிடக்கும் என்பதை ஊருக்கு அறிவிப்பது அதைவிடப் பாரதூரமானது.

முன்கூட்டியே விற்று, போகும் நாளுக்குக் கிட்ட எடுத்துக்கொள்ளச் சொல்வதென்றால் முற்பணம் வாங்குங்கள். நூற்றுக்குப் பத்து போதும், ஆனால் வாங்காமல் விடக்கூடாது. முற்பணம் தராதவருக்காக ஒதுக்கி வைத்த சாமான் விற்காமலே கிடந்துவிடும் ஆபத்து அதிகம். மொத்த விலை, தந்த தொகை, மீதி, எடுக்கும் திகதி, அந்தத் திகதிக்கு வராவிட்டால் முற்பணம் திருப்பித் தரப்படுமா இல்லையா என்ற ஐந்தையும் வட்ஸ்அப்பில் எழுதி, அவர் "சரி" என்று பதில் அனுப்பும்வரை காத்திருங்கள்.

கேள்வி: 20 வருடப் பழைய தேக்குச் சாப்பாட்டு மேசையும் ஆறு கதிரையும். இரண்டு கதிரை ஆடுகிறது. என்ன விலை போடுவது? விளம்பரம் போட்டால் எல்லாரும் "லாஸ்ட் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு எழுதுகிறார்கள். (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: இக்மன் தளத்திலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் அதே மரம், அதே அளவு, அதே எண்ணிக்கைக் கதிரை உள்ள விளம்பரங்கள் பத்தைப் பாருங்கள். விலை கூடிய இரண்டையும் விலை குறைந்த இரண்டையும் தள்ளிவிடுங்கள். மிஞ்சிய ஆறில் எவை போட்டு ஒரு மாதத்துக்கு மேலாகின்றன என்று கவனியுங்கள். அவை விற்காத விலைகள்; உங்கள் விலை அவற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு மொறட்டுவைப் பக்கத்துத் தச்சுக்கடை ஒன்றில் அதே வேலைப்பாடு புதிதாக என்ன விலை என்று கேளுங்கள். வாங்க வருபவரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வருவார். கெட்டித் தேக்கு, பலா, முதிரை போன்றவை பழசானாலும் விலை நிற்கும். மரத்தூளை அழுத்திச் செய்த மெலமைன் பலகைச் சாமான் கடையை விட்டு வெளியே வந்த அன்றே பெரும் பங்கை இழந்துவிடும். அதில் மனத்தாங்கல் பட்டுப் பயனில்லை.

பேரம் பேச நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இடம் வைத்து விலை போடுங்கள். "லாஸ்ட் எவ்வளவு?" என்பவருக்கு எழுத்தில் அடிவிலை சொல்ல வேண்டாம். சொன்னால் அவர் வாசலுக்கு வந்து அதிலிருந்து பேரத்தைத் தொடங்குவார். "விலை இதுதான், வந்து பார்த்துப் பிடித்தால் கொஞ்சம் பேசலாம்" என்று எழுதினால் போதும். உண்மையில் வாங்க இருப்பவர் அடுத்து அளவையோ இடத்தையோ கேட்பார். கேட்காதவரை விட்டுவிடுங்கள்.

பத்து நாள் கழித்து நிலைமையைப் பாருங்கள். யாருமே எழுதவில்லை என்றால் விலை அதிகம், அல்லது தலைப்பில் மரத்தின் பெயர் இல்லை. எழுதுகிறார்கள், வருகிறார்கள் இல்லை என்றால் அளவு போடவில்லை, அல்லது எத்தனையாம் மாடி, லிப்ட் உண்டா என்று சொல்லவில்லை. வருகிறார்கள், எடுக்கிறார்கள் இல்லை என்றால் படத்தில் காட்டாத குறை ஒன்றை நேரில் காண்கிறார்கள். இந்த மூன்றாவதுதான் அடிக்கடி நடப்பது. தெஹிவளையிலிருந்து முச்சக்கரவண்டி பிடித்து வந்தவர் ஆடும் கதிரையைக் கண்டால், அதன்பின் மேசையையும் நம்பமாட்டார்.

எனவே கதிரைகளைத் திருத்திவிட்டே போடுங்கள். கதிரையைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து உட்காரும்போது பின்காலும் இருக்கைச் சட்டமும் சேரும் மூட்டில்தான் பாரம் முழுவதும் விழும். பழைய பசை அங்கேதான் விடும். ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டி மூட்டைக் கழற்றுங்கள். பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டுங்கள், ஏனென்றால் பழைய பசைமேல் புதுப் பசை ஒட்டாது. வெள்ளை மரப்பசை பூசிப் பொருத்தி, நான்கு காலையும் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஒரு தடியைச் செருகி முறுக்கி இறுக்குங்கள். 24 மணித்தியாலம் அப்படியே கிடக்கட்டும். ஆணி அடிக்க வேண்டாம். மூட்டுக்குள் செருகியிருக்கும் மர நாக்கு பிளந்துபோகும், பிறகு தச்சராலும் சரிசெய்ய முடியாது. ஆணித் தலையைக் கண்டால் வாங்குபவர் வேறு விலை பேசுவார்.

புதிதாக வார்னிஷ் அடிப்பதும் தேவையில்லாத செலவு. பளபளவென்று புது வார்னிஷ் இருந்தால் எதை மறைக்கிறார்கள் என்றுதான் யோசிப்பார்கள். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் கொஞ்சம் மெழுகுப் பொலிஷ் தேய்த்தால் போதும்.

கேள்வி: அம்மம்மாவின் அலுமாரி ஒன்று இருக்கிறது. என்ன மரம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கீழே மெல்லிய தூள் விழுகிறது. விற்கலாமா? (வாசகி, முகத்துவாரம்)

பதில்: முதலில் தூளைப் பாருங்கள். விரலில் எடுத்துத் தேய்த்தால் கோதுமை மாவு போல வழுக்குகிறதா? அது மரத்தை உளுக்கச் செய்யும் வண்டின் வேலை. ஊசித் துவாரம் போல ஒன்று, இரண்டு மில்லிமீற்றர் ஓட்டைகளும் இருக்கும். மாவாக இல்லாமல் கசகசா போலத் தனித்தனி மணியாக உருண்டால் அது உலர்மரக் கறையானின் எச்சம். உருப்பெருக்கியில் ஒவ்வொரு மணியும் ஆறு பக்கமாகத் தெரியும். நிலத்திலிருந்து மண்குழாய் கட்டி வரும் கறையான் வேறு. இது மரத்துக்குள்ளேயே குடியிருப்பது.

பழைய ஓட்டையா, இப்போதும் உயிர் இருக்கிறதா என்பதே முக்கியம். அலுமாரியைத் தட்டித் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புக் கடதாசி விரித்து மூன்று நாள் அசைக்காமல் விடுங்கள். புதுத் தூள் விழாவிட்டால் ஒரு கிழமை கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் கடதாசி சுத்தமாக இருந்தால், "பழைய வண்டு ஓட்டை உண்டு, இப்போது தூள் விழுவதில்லை" என்று எழுதி விற்கலாம். தூள் விழுந்தால் அப்படியே விற்பது பாவம். வாங்குபவர் வீட்டின் யன்னல் சட்டம்வரை போகும்.

எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். பல பழைய அலுமாரிகளில் சட்டமும் கதவும் நல்ல மரம், பின்பலகையும் லாச்சியின் அடிப்பலகையும் மலிந்த மரம். பூச்சி அந்த மலிந்த பலகையில் மட்டும் இருந்தால் அதைக் கழற்றி அகற்றிவிட்டுப் புது பிளைவூட் அடிக்கலாம். மாவுத்தூள் வண்டு மரத்தின் வெளிறிய வெளிப்பகுதியைத்தான் தின்னும், உள்ளே இருக்கும் வைரமான மரத்தைத் தொடாது. தேக்கிலும் வெளிறிய கீற்று உள்ள இடத்தில்தான் ஓட்டை இருக்கும். மேலே மண்ணெண்ணெய் பூசுவதால் உள்ளே இருக்கும் புழு சாகாது, நாற்றம்தான் மிஞ்சும். பூச்சிமருந்தும் வார்னிஷைத் தாண்டி இறங்காது. வார்னிஷ் படாத உட்பக்கத்தில் பூச வேண்டும், ஓட்டைகளுக்குள் ஊசியால் ஏற்ற வேண்டும்.

மரத்தை அறிய, மினுக்கிய முன்பக்கத்தைப் பார்க்காமல் லாச்சியை வெளியே இழுத்து அதன் அடியையும் பக்கத்தையும் பாருங்கள். பலகையின் மேலே ஓடும் ரேகை விளிம்பில் மடங்கி அடிமரமாகத் தொடர்ந்தால் கெட்டி மரம். விளிம்பில் பட்டி ஒட்டியிருந்தால், அல்லது அடுக்கடுக்காகத் தெரிந்தால் வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத் தகடு) அல்லது பிளைவூட். தேக்கு தங்கமண்ணிறம், தொட்டால் மெல்லிய எண்ணெய்ப்பசை, சுரண்டினால் தோல் போன்ற மணம். பலா புதிதில் மஞ்சள், வருடம் போகப் போகச் செம்மண்ணிறம். முதிரை வெளிர்மஞ்சள், பட்டுப்போல மினுங்கும், கையில் கனக்கும். கருங்காலியை யாரும் மாற்றிச் சொல்ல முடியாது: சிறு துண்டு தண்ணீரில் தாழும். நிச்சயம் இல்லையென்றால் ஒரு தச்சரை அழைத்துக் காட்டுங்கள். மஹோகனியைத் தேக்கு என்று போட்டால், அடுத்து வருபவர் தச்சரோடு வருவார்.

முதிரையைச் சிங்களத்தில் புருத்த என்பார்கள், பலாவைக் கொஸ். விளம்பரத்தில் அந்தப் பெயரும் இருக்கட்டும்.

கேள்வி: படங்கள் எப்படி எடுப்பது, எந்த மொழியில் எழுதுவது? (வாசகர், வத்தளை)

பதில்: தமிழில் மட்டும் எழுதினால் கொழும்பில் வாங்குபவர் பெரும்பாலோரை இழந்துவிடுவீர்கள். தலைப்பு ஆங்கிலத்தில், கீழே இரண்டு வரி சிங்களத்தில், இரண்டு வரி தமிழில் இருப்பது நல்லது. தலைப்பில் சாமான், மரம், அளவு, ஊர் நான்கும் வர வேண்டும். டம்ரோ, சிங்கர், ஆர்பிகோ போன்ற கடைப்பெயர் தெரிந்தால் போடுங்கள். பெயரை வைத்துத் தேடுபவர்கள் நிறைய.

காலை ஒன்பது மணிபோல யன்னலைத் திறந்து, மின்குமிழை அணைத்துவிட்டு எடுங்கள். கைத்தொலைபேசியைச் சாமானின் நடு உயரத்துக்குத் தாழ்த்துங்கள். நின்றபடி எடுத்தால் கட்டிலின் கால் குட்டையாகத் தெரியும். முழு உருவம் இரண்டு, பின்பக்கம் ஒன்று, லாச்சி திறந்தபடி ஒன்று, அளவுநாடா வைத்தபடி ஒன்று, பிறகு ஒவ்வொரு கீறலும் கிட்டத்தில். கடற்கரைப் பக்கத் தொடர்மாடிகளில் உப்புக்காற்று பிணைச்சலையும் இரும்புக் காலையும் அரித்திருக்கும், அதையும் எடுங்கள். சாமிப்படம், குடும்பப்படம், பிள்ளையின் பாடசாலைச் சின்னம், யன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம் எதுவும் படத்தில் வரக்கூடாது. கட்டிலென்றால் மெத்தை அளவைச் சொல்லுங்கள்: 72க்கு 60 அங்குலமா, 75க்கு 60ஆ என்பதை அறியாமல் யாரும் லொறி பிடிக்கமாட்டார்கள்.

கேள்வி: ஏழாம் மாடியில் இருக்கிறோம். மூன்று கதவு மெலமைன் அலுமாரியும் சோபாவும் விற்க வேண்டும். வாங்க வந்தவர் லிப்டுக்குள் போகாது என்று திரும்பிவிட்டார். (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: விளம்பரம் போடுவதற்கு முன் லிப்டை அளக்க வேண்டும். 630 கிலோ தாங்கும் லிப்டின் உள்ளளவு பொதுவாக 1100க்கு 1400 மில்லிமீற்றர், கதவு 800 அகலம், ஏறத்தாழ 2000 உயரம். உங்கள் கட்டடத்தில் வேறாக இருக்கலாம், நாடா பிடித்துப் பாருங்கள். ஏழு அடி அலுமாரி 2134 மில்லிமீற்றர், நிமிர்த்தியபடி போகாது. ஆறடி சோபாவை நிமிர்த்திக் கொண்டுபோகலாம், ஆனால் ஆழம் 36 அங்குலமும் முதுகு உயரம் 33 அங்குலமும் என்றால் 31½ அங்குலக் கதவில் இடிக்கும். கவிழ்த்துக் கால்களைப் பாருங்கள். பல சோபாக்களில் கால் திருகிக் கழற்றக்கூடியது. 4 அங்குலக் கால் நான்கையும் கழற்றினால் 29 அங்குலமாகிவிடும், போய்விடும். திரும்பிப்போனவரை மறுபடி அழைத்துச் சொல்லுங்கள்.

அலுமாரியைக் கழற்றத்தான் வேண்டும். பலரும் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். நின்றபடி இருக்கும் அலுமாரியின் பின்பலகையைக் கழற்றினால் முழுப் பெட்டியும் ஒரு பக்கம் சரியும். பூட்டுத் திருகாணிகள் மரத்தூள் பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும். பின்பலகைதான் அதை நேராகப் பிடித்து வைத்திருக்கிறது. எனவே முதலில் தட்டுகள், உடுப்புக் கம்பி, லாச்சிகள். பிறகு ஒருவர் கதவைத் தாங்க, மற்றவர் பிணைச்சலைக் கழற்ற வேண்டும். இருவராகச் சேர்ந்து அலுமாரியை முன்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு பழைய போர்வைமேல் மெதுவாகப் படுக்க வையுங்கள். இப்போது பின்பலகையைக் கழற்றலாம். அதன்பின் பலகைகளை இணைக்கும் வட்டப் பூட்டுகளை இடப்பக்கமாக அரைச்சுற்றுத் திருப்பினால் மேற்பலகை கையோடு வரும். வராவிட்டால் அடிக்காதீர்கள், எங்கோ ஒரு பூட்டுத் திரும்பாமல் இருக்கிறது.

ஒவ்வொரு பலகையிலும் மறைப்பு நாடா ஒட்டி 1, 2, 3 என்று எழுதிப் படம் எடுங்கள். திருகாணிகளை ஒரு பையில் போட்டு லாச்சிக்குள் நாடாவால் ஒட்டிவிடுங்கள். ஓட்டை பெருத்திருந்தால் தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து நிரப்பி ஒருநாள் காயவிடுங்கள். மெலமைன் அலுமாரி ஒருமுறை கழற்றிப் பூட்டுவதைத் தாங்கும், மூன்றாம் முறை தாங்காது. முன்பு வீடு மாறியபோது கழற்றியிருந்தால் அதையும் சொல்லி விலையைக் குறையுங்கள்.

வாங்குபவர் வந்து பார்த்து, காசும் தந்தபின் கழற்றுங்கள். பிரித்து அடுக்கிய பலகையை யாரும் அலுமாரியாகப் பார்ப்பதில்லை. கட்டட நிர்வாகத்திடம் எந்த நேரத்தில் சாமான் இறக்கலாம் என்று முன்பே கேளுங்கள்; சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமை விடமாட்டார்கள். மூன்று கதவு அலுமாரி ஒன்றுக்குச் சிறிய பட்டா லொறி போதும். லொறியும் ஆட்களும் வாங்குபவர் பொறுப்பு என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். மழைக்காலமென்றால் படங்கு கொண்டுவரச் சொல்லுங்கள். மெலமைன் பலகையின் விளிம்பில் தண்ணீர் ஊறினால் பொருமி விடும், அது திரும்ப இறங்காது.

கேள்வி: வாங்குபவர் பணம் அனுப்பிவிட்டதாக ஸ்க்ரீன்ஷொட் காட்டுகிறார், வங்கியிலிருந்து வந்ததுபோல ஒரு எஸ்எம்எஸ்ஸும் வந்தது. கணக்கில் பணம் இல்லை. வாசலில் லொறி நிற்கிறது. என்ன செய்வது? (வாசகர், தெமட்டகொடை)

பதில்: சாமானை ஏற்ற விடாதீர்கள். படத்தை மாற்றியமைக்கலாம், எஸ்எம்எஸ்ஸைப் போலியாக அனுப்பலாம். உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து இருப்பைப் பார்ப்பது ஒன்றுதான் சான்று. உள்ளூர் வங்கிகளுக்கிடையே செஃப்ட்ஸ் என்ற உடனடிப் பரிமாற்ற முறையில் அனுப்பும் பணம் சில விநாடிகளில் வந்துவிடும். "நாளைக்கு வரும்" என்றால் நாளைக்கு வந்து ஏற்றட்டும். "தம்பி, கணக்கில் விழுந்தவுடன் நானே கூப்பிடுகிறேன்" என்று தன்மையாகச் சொல்லிக் கதவைச் சாத்துங்கள். நேர்மையானவர் கோபிக்கமாட்டார். மிரட்டினால் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள்.

பணம் பெற உங்கள் பெயர், கணக்கு இலக்கம், வங்கி, கிளை நான்கும் போதும். அட்டை இலக்கம், ஓடிபி, அடையாள அட்டைப் படம் கேட்பவர் வாங்க வந்தவர் அல்ல. "கூரியர்காரர் பணம் கொண்டுவருவார், இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று வந்தால் தடுத்துவிடுங்கள். கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பதும் அதே கூட்டம்தான். காசோலை வேண்டாம். காசாகத் தந்தால் 5,000 ரூபாத் தாள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியில் பறவை தெரிகிறதா என்று பார்த்து எண்ணுங்கள். அவர் முன்னிலையில் எண்ணுவது மரியாதைக் குறைவு ஆகாது.

பார்க்க வருபவர்களைப் பகலில் வரச் சொல்லுங்கள், வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். தனியாக இருக்கும் பெண்கள் சிறிய சாமான்களைக் கீழே காவலாளி இருக்கும் இடத்துக்கு இறக்கிக் காட்டலாம். வீட்டு இலக்கத்தை வருகிற நாளன்று மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: தவணைக் கட்டணத்தில் எடுத்த சோபா. இன்னும் ஐந்து தவணை பாக்கி. விற்கலாமா? (வாசகர், கிராண்ட்பாஸ்)

பதில்: கூடாது. இப்படித் தவணையில் எடுக்கும் வாடகைக் கொள்வனவில் கடைசித் தவணை கட்டும்வரை சோபா கடைக்காரருடையது. 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் இதற்காகவே இருக்கிறது. கடையில் மொத்தப் பாக்கியைக் கட்டி முடித்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்தப் பற்றுச்சீட்டின் படத்தை விளம்பரத்தில் சேர்த்தால் விலையும் நிற்கும்.

கேள்வி: கட்டிலோடு மெத்தையையும் விற்கலாமா? (வாசகி, தெஹிவளை)

பதில்: தனியாக விலை போடாதீர்கள், கட்டிலோடு சும்மா கொடுங்கள். அதற்கு முன் மெத்தையின் தையல் ஓரத்தையும் கட்டில் சட்டங்கள் பொருந்தும் இடுக்கையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். பேனையால் குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அது இரத்தம் குடிக்காமலே பல மாதம் உயிரோடு இருக்கும், எனவே "ஒரு மாதம் பாவிக்கவில்லை" என்பது பதிலாகாது. அப்படிப்பட்ட மெத்தையை விற்கவும் வேண்டாம், தானமாகக் கொடுக்கவும் வேண்டாம். தெரு ஓரத்தில் போட்டால் மழைத்தண்ணீர் தேங்கும், யாராவது எடுத்தும் போவார்கள். உறையைக் குறுக்காகக் கிழித்து, பொலித்தீனில் சுற்றி, பெரிய கழிவை எடுக்கும் நாளைக் கட்டட நிர்வாகத்திடமோ மாநகரசபை ஊழியரிடமோ கேட்டு அன்று கொடுங்கள். கட்டிலைச் சுத்தம் செய்யும்வரை அதன் விளம்பரத்தை நிறுத்தி வையுங்கள்.